பழைய எம்எக்ஸ்-5: 17 அங்குல ரிம்முக்கு முன்னால் சில்லைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். இங்கிலாந்தில் லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். போன கோடையில் 1999 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 எஞ்சின், துணிக்கூரை வண்டி ஒன்று வாங்கினேன். எஞ்சின் அருமையாக இருக்கிறது. ஆனால் 60 மைல் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. பிரேக் மிதி ஆழமாகப் போகிறது, ஹேண்ட் பிரேக்கை வெகுதூரம் இழுத்தால்தான் பிடிக்கிறது. முன்பு வைத்திருந்தவர் வெளிக் கம்பெனி 15 அங்குல ரிம் மாட்டியிருக்கிறார், டயரில் பட்டன் நன்றாகவே இருக்கிறது. நான்கு பிஸ்டன் பெரிய பிரேக் கிட், 17 அங்குல ரிம், கொஞ்சம் தாழ்த்தும் ஸ்பிரிங், அகலமான ஃபைபர் பாடி கிட் போடலாம் என்று இருக்கிறேன். இடது பின் சக்கரத்துக்கு முன்னால் பெயிண்ட் லேசாகக் கொப்பளித்திருக்கிறது, கிட் போட்டால் அது மறைந்துவிடும். கையில் 1,500 பவுண்டு இருக்கிறது. வசந்த காலத்தில் பிராண்ட்ஸ் ஹேட்ச் டிராக்கில் ஒரு நாள் ஓட்ட ஆசை. எதை முதலில் செய்வது?

பதில்:

தம்பி, பெரிய பிரேக், ரிம், பாடி கிட் எல்லாவற்றையும் ஆசையாக எழுதிவிட்டு, அந்தக் கொப்புளத்தை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கவலையாக இருக்கிறது. உங்கள் 1,500 பவுண்டில் பாதி அங்கேதான் போகும் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மீதிப் பாதியில் உங்கள் பிரேக்கும் டயரும் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்குத் திரும்பும். அந்த நிலையில் ஒரு எம்எக்ஸ்-5 எப்படி ஓடும் என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் மாற்றங்களில் இறங்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி மாதிரியான பகுதியை இங்கே சில் என்பார்கள். சாதாரணக் காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். உங்கள் வண்டியில் மேலே துணிதான் இருக்கிறது, அதனால் வண்டி நடுவில் வளையாமல் நிற்பது பெரும்பாலும் அந்த இரண்டு சில்லையும் இரண்டு இருக்கைக்கும் நடுவில் தரையில் மேடாக ஓடும் டனலையும் நம்பித்தான். அந்தச் சில் ஒரே தகடு கிடையாது. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவில் வலுவுக்கு இன்னொரு தகடு. துரு நடுவிலிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு காசு அளவு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே கையளவு தகரம் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அது ஏன் அந்த இடத்தில் மட்டும்? துணிக்கூரையின் பின்பக்கம் வழியும் மழைத்தண்ணீரை ஒரு வாய்க்கால் பிடித்து, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் இருக்கும் வடிகுழாய் வழியாகக் காருக்கு அடியில், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், இறக்கிவிடும். மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் இலைத்தூளும் பாசியும் அந்தக் குழாயை அடைத்துவிடும், தண்ணீர் வழி மாறிச் சில்லுக்குள் இறங்கித் தேங்கும். அதோடு குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்களே, அது சக்கரம் அடிக்கும் சேற்றோடு சேர்ந்து அதே மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் வரும் துரு தெரியும், சாலையே உப்பாக இருக்கும் என்பது இங்கே வந்த பிறகுதான் புரியும். ஒவ்வொரு குளிர்காலமும் அந்த உப்பில் ஓடியிருந்தால், உங்கள் வண்டி அதை இருபதுக்கும் மேற்பட்ட தடவை பார்த்துவிட்டது.

இந்த வாரமே இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, அரசு இணையதளத்தில் கார் நம்பரைப் போட்டுப் பழைய எம்.ஓ.டி. விவரங்களை, அதாவது வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை முடிவுகளை, இலவசமாகப் பாருங்கள். துரு என்று எந்த வருடம் முதல்முறை எழுதினார்கள், அடுத்த வருடம் அது மறைந்ததா, மறைந்தது என்றால் உண்மையில் வெட்டி ஒட்டினார்களா, கறுப்புத் தார் பூசினார்களா என்று ஓரளவு ஊகிக்கலாம். இரண்டாவது, ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து அதன் பிடியால் சில்லின் அடிப்பக்கம் முழுக்க முன்னாலிருந்து பின்னால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'டங்' என்று கணீரென்று ஒலிக்கும். பின் சக்கரத்தை நெருங்கும்போது ஓசை 'தப்' என்று மந்தமானால், அல்லது தட்டத் தட்ட உள்ளே பொடி உதிரும் சத்தம் கேட்டால், விஷயம் முடிந்தது. மலிவான குழாய்க் கேமரா ஒன்று கிடைத்தால் சில்லில் இருக்கும் ரப்பர் அடைப்பைக் கழற்றி உள்ளே விட்டுப் பாருங்கள். கீழ் விளிம்பில் சிறிய வடிதுளைகள் இருக்கும், அவை அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். சில வண்டிகளில் அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் இறங்குவதைப் பார்க்கலாம். மேலே இருக்கும் கூரை வடிகுழாய்க்குப் புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் நரம்பு சரியாக இருக்கும், கூரான கம்பி விட்டால் குழாயே கிழிந்துவிடும்.

அப்படியே முன்பக்கமும் பாருங்கள். உங்கள் தலைமுறை வண்டியில், அதாவது 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாவது தலைமுறையில், எஞ்சினுக்கு இருபுறமும் ஓடும் முன் சட்டத்தில் மோதல் பாதுகாப்புக்காக இரட்டைத் தகடு வைத்தார்கள். அந்த இரண்டு தகடுக்கும் நடுவில் ஈரம் தங்கி உள்ளிருந்து அரிக்கும். ஸ்டியரிங் ராக், அதாவது முன் சக்கரங்களைத் திருப்பும் குறுக்குப் பெட்டி, இருக்கும் இடத்தை ஒட்டி அடிப்பக்கம் தட்டிப் பாருங்கள். சில் போனால் வெட்டி ஒட்டலாம். முன் சட்டமும் சேர்ந்து போயிருந்தால் செலவு வேறு கணக்கு, அந்த வண்டியைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்பதையே யோசிக்க வேண்டும். இதனால்தான் வேறு எதற்கும் ஒரு பவுண்டு கூடச் செலவு செய்வதற்கு முன்னால் இதைப் பார்க்கச் சொல்கிறேன்.

பாடி கிட் போட்டால் மறைந்துவிடும் என்கிறீர்கள். மறையும், ஆனால் துரு நிற்காது, கிட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் சேறு சேர்ந்து இன்னும் வேகமாகத் தின்னும். அகலமான ஃபைபர் வளைவுகளைப் பொருத்தப் பின் சக்கர வளைவில் துளை போட்டு ரிவெட் அடிப்பார்கள், பல கிட்களில் உள் விளிம்பை வெட்டவும் சொல்வார்கள். வெட்டிய ஒவ்வொரு விளிம்பும், துளைத்த ஒவ்வொரு துளையும் அடுத்த துருவுக்கு வாசல். எம்.ஓ.டி.யில் சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருத்தியிருக்கும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகரம் துருவால் பலவீனமாகியிருந்தால் வண்டி தேறாது. பட்டி பூசினாலும் ஃபைபர் ஒட்டினாலும் ஏற்க மாட்டார்கள். தகடு வைத்து, அதன் விளிம்பு முழுக்க விடாமல் வெல்டு பிடித்திருக்க வேண்டும்.

டிங்கரிங் கடைக்குப் போகும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள், எத்தனை அடுக்கு மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். வெளித்தகடு மேல் இன்னொரு தகடு வைத்துச் சுற்றி வெல்டு அடித்துத் தருகிறேன் என்பவர் பாதி விலை சொல்வார், இரண்டு மூன்று வருடத்தில் அதே இடத்தில் மீண்டும் கொப்பளிக்கும். அழுகிய பகுதி முழுக்க வெட்டி எடுத்து, உள்ளே இருக்கும் வலுத்தகட்டையும் புதிதாகச் செய்து வைத்து, கடைசியில் வெளித்தகடு மூடுபவர் வேண்டும். வெட்டுவதற்கு முன்னும் வெல்டு முடிந்த பின்னும் கதவு இடைவெளியை அளந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். சில்லை வெட்டித் திறந்த நிலையில் வண்டியைத் தப்பான இடத்தில் முட்டுக்கொடுத்தால் உடம்பு லேசாகத் தொய்ந்து, அப்புறம் கதவு வாழ்நாள் முழுக்க உரசும். மூடுவதற்கு முன் உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நல்ல வேலைக்காரர் சந்தோஷமாக அனுப்புவார். வெல்டு ஆறியபின் வெளியே எபாக்சி பிரைமர், இணைப்புகளில் சீலர், பெயிண்ட். உள்ளே நீண்ட குழாய் வைத்துத் தெளிக்கும் மெழுகு. இந்த மெழுகைத்தான் யாரும் மறந்துவிடக் கூடாது, வெல்டின் உள்பக்கம் வெறும் இரும்பாகத்தான் இருக்கும். வலது சில் இன்னும் நன்றாக இருந்தால் அதற்கும் இப்போதே மெழுகு அடித்துவிடுங்கள், அந்தச் செலவு மிகச் சிறியது. துருவின் மேலேயே கறுப்புத் தார் பூசுவதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. இனி ஜாக்கி வைக்கும்போது சில்லின் விளிம்பில் பெரிய தரை ஜாக்கியை வைக்காதீர்கள், அந்த மடிப்பு நசுங்கிப் பெயிண்ட் உடைந்து அங்கிருந்தும் துரு கிளம்பும். முன்னால் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும், பின்னால் டிஃபரென்ஷியல் அடியிலும் தூக்கலாம். தூக்கிய வண்டிக்கு அடியில் ஸ்டாண்டு இல்லாமல் கையைக் கூட நீட்ட வேண்டாம்.

சரி, பிரேக்குக்கு வருவோம். மிதி ஆழமாகப் போவதும் ஹேண்ட் பிரேக் நீளமாக வருவதும் இரண்டு நோய் இல்லை, இந்த வண்டியில் பெரும்பாலும் ஒன்றேதான். பேட்டை டிஸ்கில் அழுத்திப் பிடிக்கும் இடுக்கியைத்தான் காலிப்பர் என்பார்கள். பின் காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் இயந்திரமும் இருக்கிறது. பேட் தேயத் தேய அது தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டும், ஆனால் வயதான காலிப்பரில் அது நின்றுபோகும். அப்போது பிஸ்டன் டிஸ்கிலிருந்து தள்ளியே நிற்கும், நீங்கள் மிதிக்கும் தூரத்தில் முதல் பாதி அந்த இடைவெளியை மூடவே செலவாகும். பலர் இதைக் காற்று என்று நினைத்துத் திரும்பத் திரும்ப பிளீடிங் செய்து, அதாவது குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிப் பார்க்கிறார்கள், இன்னும் சிலர் உங்களை மாதிரி முன்னால் பெரிய பிரேக் வாங்கப் போகிறார்கள்.

காலிப்பரின் பின்புறம் 14 மில்லிமீட்டர் ஸ்பானருக்குப் பொருந்தும் ஒரு மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ போகும் துளை. முதலில் காருக்குள் ஹேண்ட் பிரேக் கேபிளை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். இதைச் செய்யாமல் மேலே போனால் எல்லாம் தப்பாகும். அப்புறம் ஆலன் கீயை வலப்புறமாகச் சக்கரம் பூட்டும் வரை திருகி, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். சக்கரம் லேசாக உரசியும் உரசாமலும் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் முடித்து, மிதியைச் சில தடவை நன்றாக அழுத்திவிட்டு, கடைசியாகக் கேபிளை இறுக்குங்கள். மிதி மேலே வந்துவிட்டது என்றால் உங்கள் பிரச்சினையின் பெரும்பகுதி ஓர் ஆலன் கீயில் தீர்ந்தது. திருகும்போது அது கல்லாக இருந்தாலோ, காலிப்பர் சறுக்கும் ஊசிகள் துருப்பிடித்து அசையாமல் இருந்தாலோ, மராமத்து செய்த காலிப்பரைப் பழையதைக் கொடுத்து மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சோதிக்க எளிய வழி ஒன்று: பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு ரிம் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் தனியாகக் கொதித்தால் அந்தக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காலிப்பர் கழற்றியிருக்கும்போதே ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் நான்கையும் மாற்றுங்கள். பின்னால் போகும் இரும்பு பிரேக் குழாய்களையும் பாருங்கள், சில்லைத் தின்ற அதே உப்பு அவற்றையும் தின்றிருக்கும். செம்பு நிக்கல் கலவைக் குழாய் போட்டால் துரு என்ற பேச்சே இல்லை.

அப்புறம் பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாது. டிராக்கில் நான்காவது ஐந்தாவது சுற்றில் காலிப்பர் சூடேறி ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், மிதி தரைக்குப் போகும். பிராண்ட்ஸ் ஹேட்சில் முதல் திருப்பமே பள்ளத்தில் இறங்கும் பேடாக் ஹில், அங்கே இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. டாட் 4 அல்லது 5.1 போடுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான், அதை இதோடு கலக்கவே கூடாது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் தவறி எடுத்துவிடுவார்கள், டப்பாவை நின்று படியுங்கள்.

இப்போது நான்கு பிஸ்டன் கிட். வெறிச்சோடிய நேரான சாலையில், பின்னால் யாரும் இல்லாதபோது, உங்கள் இப்போதைய பிரேக்கைச் சரிசெய்த பிறகு ஓங்கி மிதித்தால் டயர் பூட்டும் அளவுக்குப் போகும். டயரைப் பூட்டும் சக்தி பிரேக்கில் ஏற்கெனவே இருக்கிறது என்றால், அதைவிடப் பெரிய பிரேக் போட்டு ஓர் அடி கூடச் சீக்கிரம் நிற்க முடியாது. அங்கே உங்களை நிறுத்துவது டயர். பெரிய டிஸ்க் தருவது வெப்பம் தாங்கும் திறன், அது திரும்பத் திரும்ப வேகத்திலிருந்து பிடிப்பவர்களுக்குத் தேவை. உங்கள் வண்டி ஒரு டன்னைச் சற்றுத்தான் தாண்டும், முன்னால் 255 மில்லிமீட்டர் காற்றோட்ட டிஸ்க் இருக்கிறது, முதல் டிராக் நாளுக்கு அது தாராளம். முன்னால் மட்டும் பிரேக்கைப் பெரிதாக்கினால் இன்னொரு கெடுதலும் உண்டு. முன் பின் பங்கீடு குலைந்து முன் சக்கரம் சீக்கிரமே பூட்டும், பின் பிரேக் சும்மா இருக்கும், நிற்கும் தூரம் கூடவே வாய்ப்பு இருக்கிறது. பின்னாளில் கட்டாயம் பெரிதாக வேண்டும் என்றால், 2001-க்குப் பிறகு வந்த ஸ்போர்ட் மாடலில் மாஸ்டாவே முன்னால் 270, பின்னால் 276 மில்லிமீட்டர் என்று இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். அதைக் கழிவுக் கடையில் தேடி நான்கு சக்கரத்துக்குமாகப் போடுங்கள். பங்கீட்டை யோசித்துச் செய்த வேலை அது.

இப்போதைக்கு நல்ல கம்பெனியின் சாதா டிஸ்க், கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும் சாலைப் பேட். மின்டெக்ஸ் எம்1144 மாதிரி ஒன்று போதும். முழு ரேஸ் பேட் வேண்டாம், காலையில் குளிரில் முதல் சிக்னலில் அது பிடிக்காது. டிஸ்க் மாட்டும் முன் ஹப் முகத்தில், அதாவது டிஸ்கும் ரிம்மும் உட்காரும் நடுப்பகுதியில், இருக்கும் துருவைக் கம்பி பிரஷ் வைத்துப் பளபளவென்று தேய்த்து எடுங்கள். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி மாற்றுபவர்களில் பாதிப்பேருக்கு நிஜக் காரணம் அந்தத் துருப்பொட்டுதான். முடி அளவு அழுக்கு ஹப்பில் இருந்தால் டிஸ்க் விளிம்பு ஆடும், ஆடி ஆடி ஓரிடத்தில் மட்டும் தேயும், சில ஆயிரம் மைலில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கும். புதுப் பேட் போட்ட பிறகு, ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 20 மைலுக்கு மிதமாகப் பத்துத் தடவை பிடித்து விடுங்கள். முழுவதும் நிறுத்த வேண்டாம், சூட்டில் மிதியை அழுத்தியபடி நிற்கவும் வேண்டாம். அப்புறம் ஆற விட்டு வீட்டுக்கு வாருங்கள்.

ஸ்டியரிங் உதறலுக்கு வருகிறேன். பிரேக் தொடாமலே 60 மைலில் உதறுகிறது என்கிறீர்கள், அப்படியானால் டிஸ்க்கை விட்டுவிட்டு ரிம்மைப் பார்க்க வேண்டும். மாஸ்டா ஹப்பின் நடு வளையம் 54.1 மில்லிமீட்டர். வெளிக் கம்பெனி ரிம்கள் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று நடுத்துளையைப் பெரிதாக, 67 அல்லது 73 மில்லிமீட்டர் என்று விட்டிருப்பார்கள். நடுவில் இடைவெளியை நிரப்ப ஒரு மெல்லிய வளையம் போட வேண்டும். அது இல்லாமல் நட்டை மட்டும் நம்பி மாட்டினால் ரிம் முடியளவு விலகி உட்காரும், எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் உதறல் போகாது, ஏனென்றால் பேலன்சிங் மெஷினில் அது சரியாக நடுவில்தான் சுற்றும். முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், வளையம் இல்லையென்றால் நான்கு வாங்கிப் போடுங்கள், சில பவுண்டுதான். இருக்கை வழியாக உதறல் வந்தால் பின் சக்கரம், ஸ்டியரிங் வழியாக வந்தால் முன் சக்கரம் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். நட்டை டார்க் ஸ்பானரில் சுமார் 110 நியூட்டன் மீட்டர் வைத்து, குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள்.

பட்டன் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து டயர் நல்லது என்று முடிவு செய்ய வேண்டாம். டயர் ஓரத்தில் டாட் என்ற எழுத்துக்களுக்குப் பிறகு கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரம். இப்படிக் கோடையில் மட்டும் ஓட்டும் வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்னால் காய்ந்து இறுகிவிடும். பட்டன்களின் அடியில், பள்ளத்தின் மூலையில், மெல்லிய வெடிப்புகள் தெரியும். நகத்தால் அழுத்தினால் அழுந்தாமல் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். பத்து வருடம் தாண்டிய டயரைப் பேருந்து, லாரிகளின் முன் அச்சில் போடக் கூடாது என்று இங்கே 2021-லிருந்தே சட்டம். காருக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் ரப்பருக்கு வாகன வித்தியாசம் தெரியாது. ஈரச் சாலையில் பின் சக்கரம் தள்ளும் குட்டை வண்டி, டயர் காய்ந்திருந்தால் ரவுண்டானாவில் எச்சரிக்கை தராமல் சுற்றிவிடும்.

இந்த வண்டியில் 15 அங்குல ரிம்முக்குத் தொழிற்சாலை அளவு 195/50 ஆர் 15, அந்த அளவிலேயே நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக, மழைப் பிடிப்பில் நல்ல மதிப்பெண் உள்ள டயர் வாங்குங்கள். 17 அங்குலத்துக்கு வழக்கமாகப் போடும் 205/40-ஐ அளந்தால் மொத்த விட்டம் சுமார் 596 மில்லிமீட்டர், உங்களுடையது 576. மூன்று சதவீதத்துக்கு மேல் பெரிது. கியர் எல்லாம் அந்த அளவு நீண்டுபோகும், எஞ்சின் மந்தமாகத் தோன்றும், ஸ்பீடாமீட்டர் காட்டுவதற்கும் ஓடும் வேகத்துக்கும் வித்தியாசம் வரும். சக்கர எடை பெரும்பாலும் கூடும், பக்கச் சுவர் மெலியும், இந்த ஊர்ச் சாலைக் குழியில் ரிம் வளையும். வண்டியையும் தாழ்த்தினால் இந்தத் தலைமுறையில் சஸ்பென்ஷன் அசைய இருக்கும் கொஞ்ச இடமும் போய் ரப்பர் முட்டில் போய் இடிக்கும், திருப்பத்தில் அப்படி இடித்தால் சக்கரம் பிடியை விட்டுவிடும். இவ்வளவும் தெரிந்தே அழகுக்காகப் போடுபவர்கள் உண்டு, அது அவரவர் விருப்பம். ஆனால் நீங்கள் டிராக்குக்குப் போக ஆசைப்படுகிறீர்கள், அங்கே 15 அங்குலம்தான் வேகம்.

காற்று 26 பிஎஸ்ஐ, டயர் குளிர்ந்திருக்கும்போது. டயர் கடையில் பெரிய கார்களுக்கு வைக்கும் 32, 34 என்று பழக்கத்தில் ஏற்றிவிடுவார்கள், வீட்டுக்கு வந்து நீங்களே அளந்து இறக்குங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே வண்டி அமைதியாவதை உணர்வீர்கள்.

புது டயர் போட்டதும் நான்கு சக்கர அலைன்மென்ட், எம்எக்ஸ்-5 தெரிந்த கடையில். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் அளவு, கேஸ்டர் ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னால் சாயும் அளவு, டோ மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. முன்னும் பின்னும் கீழ்க்கைகளில் திருகிச் சரிசெய்யும் முட்டைவடிவ வாஷர் போல்ட்கள் இருக்கின்றன, கேம்பர், கேஸ்டர், பின் டோ எல்லாம் அவற்றில்தான், முன் டோ மட்டும் ஸ்டியரிங் கம்பிகளில். பழைய வண்டியில் அந்தப் போல்ட்கள் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து அசையாது. கடைக்காரர் டோவை மட்டும் வைத்துவிட்டு முடிந்தது என்று பில் போட்டுவிடுவார், அளவுத்தாளை வாங்கிப் பாருங்கள். கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே அந்தப் போல்ட்களில் ஊடுருவும் ஆயில் தினமும் அடித்து வையுங்கள். சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவாக முன் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின்னால் மைனஸ் ஒன்றரை, கேஸ்டர் 5 அருகில், டோ மிகச் சிறிதளவு உள்நோக்கி. இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பணக் கணக்கு என்றால், இடது சில்லுக்கும் மெழுகுக்கும் 700, 800 பவுண்டு ஒதுக்குங்கள், திறந்து பார்த்தால் கூடவும் செய்யலாம். பிரேக்குக்கு 300 சொச்சம், டயருக்கும் அப்படியே, அலைன்மென்டுக்கு 100 அருகில். வேலையில் எவ்வளவு நீங்களே செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஏறும் இறங்கும். பாடி கிட்டுக்கு இதில் இடமே இல்லை, இந்த வருடம் அதை நினைக்காதீர்கள்.

டிராக் நாள் பற்றி முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். திறந்த கூரை வண்டிக்குப் பல ஏற்பாட்டாளர்கள் ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு, கேட்பார்கள், பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சத்த வரம்பும் உண்டு, பின்னால் வேறு சைலன்சர் இருந்தால் அதையும் விசாரியுங்கள். சாதாரண இன்ஷூரன்ஸ் டிராக்கில் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போகும் அன்று பேட் கனம், நட் இறுக்கம், ஆயில் மட்டம். சுற்றி முடித்து உள்ளே வரும் கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக வந்து ஆற விடுங்கள், நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சூடான பேட் பின் டிஸ்கில் ஒட்டித் தடம் பதிக்கும். டயர் சூடானதும் காற்றழுத்தம் ஏறும், அளந்து இறக்குங்கள், வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.

ரிம் மாற்றியிருப்பதை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முந்தையவர் மாட்டியது என்பது அவர்களுக்குப் பதில் ஆகாது. இன்றே ஃபோன் போட்டுச் சொல்லுங்கள், பிரீமியம் பெரும்பாலும் அதிகம் ஏறாது. ஒரு விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடித்தால் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் இருக்கிறது. பிராண்ட்ஸ் ஹேட்சுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். சில்லைத் தட்டிப் பார்த்து, வெட்டித் திறந்து, உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்த பிறகு தேதி குறியுங்கள். வசந்தம் தவறினால் கோடையில் போகலாம், அந்த டிராக் வருடம் முழுக்கத் திறந்திருக்கிறது.